மான்ச்சின் போட்ட கணக்கு

ஜனநாயகக் கட்சி செனட்டராக இருந்த ஜோ மான்ச்சின், 2021-22இல் அப்போதைய அதிபர் பைடனின் சமூக நல, பருவநிலைச் செலவு மசோதாவை வைத்து அமெரிக்க செனட்டில் நடத்திய பேரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்று அவரை வில்லனாக்குகிறார்கள், இல்லையென்றால் கஜானாவைக் காத்த தியாகியாக்குகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இதற்கெல்லாம் நிஜமாக எவ்வளவு செலவாகும் என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானது, ஆனால் அதைத் தனக்குத் தோதான இடத்தில் மட்டும்தான் கேட்டார்.

செனட் அப்போது 50-50. துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டைச் சேர்த்தால்தான் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை, ஒருத்தர் முரண்டு பிடித்தால் மசோதா அவ்வளவுதான். கட்சித் தாவல் தடைச் சட்டம் மாதிரி அங்கே எதுவும் கிடையாது. மான்ச்சினின் மாநிலமான மேற்கு வர்ஜீனியாவிலோ 2020இல் டிரம்ப் 39 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார், குடும்பத்துக்கு நிலக்கரி வியாபாரம் வேறு. கட்சி மேலிடம் எதைச் சொல்லி இவரை மிரட்டும்? குடுமி முழுக்க இவர் கையில்.

2021 ஜூலை 28 தேதியிட்ட ஒரு பக்கத் தாள் ஒன்று உண்டு. மொத்தச் செலவு 1.5 லட்சம் கோடி டாலர், அக்டோபர் 1க்கு முன் விவாதம் தொடங்கக் கூடாது, கார்ப்பரேட் வரி 25 சதவீதம் என்று மான்ச்சினின் நிபந்தனைகள். கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் பெரும்பான்மைத் தலைவர் சக் ஷூமரின் கையெழுத்து, அதோடு 'இவற்றில் பலவற்றில் ஜோவின் மனதை மாற்றப் பார்க்கிறேன்' என்ற பொருளில் ஷூமர் கைப்பட எழுதிய ஒரு வரி. செப்டம்பர் கடைசியில்தான் இந்தத் தாள் வெளியே வந்தது. அதுவரை கட்சி முழுக்க 3.5 லட்சம் கோடி என்று பேசிக்கொண்டிருந்தது, ஷூமருக்கு எல்லாம் தெரிந்தும்!

அக்டோபரில் பைடன் அதை 1.75 லட்சம் கோடியாகக் குறைத்தார். எப்படி? சில திட்டங்களை வெட்டினார்கள், பலவற்றுக்கு ஆயுளை வெட்டினார்கள். ஒரு குழந்தைக்கு வருடம் 3,000 முதல் 3,600 டாலர் வரை கிடைத்துவந்த வரிச் சலுகையை ஒரே ஒரு வருடம் மட்டும் நீட்டித்தார்கள். வரி வரவு பத்து வருடக் கணக்கில், இந்தச் செலவு ஒரு வருடக் கணக்கில். தவணைத் தொகையை மட்டும் சொல்லி பைக் விற்கிற கதைதான். கொடுத்துப் பழக்கிவிட்டால் அடுத்த வருடம் எவன் நிறுத்துவான் என்பது நம்பிக்கை. மான்ச்சின் இதை வித்தைக் கணக்கு என்றார், அதில் தப்பே இல்லை. எல்லாவற்றையும் நிரந்தரமாக்கினால் பத்து வருடத்தில் பற்றாக்குறை 3 லட்சம் கோடி கூடும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகமும் டிசம்பரில் சொன்னது (குடியரசுக் கட்சிக்காரர்கள் கேட்டு வாங்கிய கணக்கு அது). டிசம்பர் 19, மான்ச்சின் ஃபாக்ஸ் நியூஸில் உட்கார்ந்து மசோதாவுக்கு ஓட்டுப் போட முடியாது என்றுவிட்டார். மறுநாள் அவர் மாநிலத்தில் செல்வாக்குள்ள சுரங்கத் தொழிலாளர் சங்கமே மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்டது, காரணம் நுரையீரல் கருகிப்போன தொழிலாளர்களுக்கான நிதியும் அந்த மசோதாவில் இருந்ததுதான். மனுஷர் அசையவில்லை. அந்த மாதத்தோடு குழந்தைகளுக்கான கூடுதல் சலுகையும் நின்றது.

அப்புறம் 2022 ஜூலை. பணவீக்கம் 9.1 சதவீதம் என்றதும் பருவநிலைச் செலவுக்கும் ஒத்துக்கொள்ள முடியாது என்றவர், ரெண்டே வாரத்தில் ஷூமருடன் ஒப்பந்தம் போட்டார். எரிசக்திக்கும் பருவநிலைக்கும் 36,900 கோடி டாலர், பற்றாக்குறை 30,000 கோடி குறையும் என்ற வாக்குறுதி, 'பணவீக்கக் குறைப்புச் சட்டம்' என்று ஒரு பெயர். ஆகஸ்ட் 7இல் செனட்டில் 51-50 என்று நிறைவேறியது.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு சங்கதி: மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான கூடுதல் மானியத்தை இந்தச் சட்டம் மூன்றே வருடத்துக்குத்தான் நீட்டித்தது. அதே ஆயுள் வெட்டும் வித்தை, இந்த முறை மான்ச்சினின் முழுச் சம்மதத்தோடு. அந்தக் கெடு 2025 கடைசி. அதை நீட்டிக்கச் சொல்லி வந்த சண்டையில்தான் 2025 அக்டோபரில் தொடங்கி 43 நாள் அமெரிக்க அரசாங்கம் முடங்கிக் கிடந்தது. மான்ச்சின் அந்த வருடம் ஜனவரியிலேயே செனட்டை விட்டுப் போயிருந்தார்.