சாவி கொடுப்பதற்கு முன்

நேற்று மதியம் சென்னையிலிருந்து ஒரு புரொடக்ஷன் மேனேஜர் போன் செய்தார். பாண்டிச்சேரியில் பத்து நாள் ஷெட்யூல், அதில் நான்கு நாள் இரவு ஷூட்டிங். "ஆறு வண்டி, ஆறு டிரைவர். ரேட் சொல்லுங்க மேடம்" என்றார். ஆறு வண்டிக்கு எட்டு டிரைவர் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

ஏன் எட்டு என்பதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் போனில் விளக்கி முடிவதில்லை.

அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரே ஒரு அம்பாசிடரை வைத்து டாக்சி ஓட்டியவர். அந்த வண்டியைப் பழைய காலத்துக் காட்சி ஒன்றுக்கு வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். எங்களுக்கும் ஷூட்டிங்குக்கும் அப்படித்தான் பழக்கம் ஆரம்பித்தது. இன்றைக்கு டெம்போ டிராவலர், காஸ்ட்யூம் வண்டி, ஆர்டிஸ்ட் கார் எல்லாம் அனுப்புகிறேன். வண்டி கிடைப்பது பெரிய விஷயமில்லை. ஆள் எடுப்பதுதான் வேலை.

புதிதாக ஒருவர் வந்தால் முதலில் லைசென்ஸ். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வாடகை வண்டியை எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பஸ் சேசிஸில் கட்டிய பெரிய கேரவனுக்கு அது போதாது, ஹெவி வேண்டும். அப்புறம் நான் பின் சீட்டில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டே வருவேன். பாண்டிச்சேரி போகும் வழியில் அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் என் எழுத்து எத்தனை இடத்தில் கோணியிருக்கிறது என்று பார்த்தால் அவர் கை தெரிந்துவிடும். காருக்குள் பேசும் காட்சிக்கு, நடிகர் உட்கார்ந்திருக்கும் காரைத் தாழ்வான டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போவார்கள். அதை இழுப்பவர் ஒரே வேகத்தில் போகவேண்டும். பிரேக்கில் சின்னதாக ஓர் உதறல் வந்தாலும் இன்னொரு டேக்.

அம்பாசிடர் கதை வேறு. எங்கள் வண்டி ஸ்டீயரிங் கியர், கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். 2014-இல் கம்பெனி உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இருபத்தைந்து வயதுப் பையனிடம் கொடுத்தால் கியர் எங்கே என்று கீழே தேடுகிறான். அதற்காகவே முதுநகரில் ஒரு பெரியவரை வைத்திருக்கிறேன். பாண்டிச்சேரி டூமாஸ் தெருவில் ஒரு வளைவை ஒன்பது முறை திரும்பச் சொன்னார்கள். ஒன்பது முறையும் சுண்ணாம்பில் போட்ட அடையாளத்தின் மேல் முன் சக்கரத்தை நிறுத்தினார். அன்றைக்கு அந்த செட்டில் அவரைவிடத் திறமையான ஆள் யாரும் இல்லை என்பேன்.

பாண்டிச்சேரியில் ஓட்டுவதற்கு ஊரும் தெரிந்திருக்க வேண்டும். பீச் ரோட்டில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி போகக்கூடாது. இயக்குநர்களுக்குச் சூரிய உதயம் அங்கேதான் வேண்டும். அனுமதி வாங்கியிருந்தாலும், தடுப்பில் நிற்கும் காவலரிடம் பொறுமையாகக் காகிதத்தைக் காட்டிப் பேசத் தெரிந்த டிரைவர் வேண்டும். எல்லை இன்னொரு தலைவலி. கோட்டக்குப்பம் தமிழ்நாடு, ஆரோவில் பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டம். காலையில் ஆரோவில், மதியம் பாண்டிச்சேரி ஒயிட் டவுன் என்று கால்ஷீட் போட்டால் வண்டி ஒரே நாளில் மாநிலம் விட்டு மாநிலம் போய் வருகிறது. டிஎன் 31, அதாவது கடலூர் பதிவெண் கொண்ட என் வண்டிகளுக்குப் பெர்மிட்டும் வரியும் சரியாக இருக்கவேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க நினைத்துச் சிலர் ஓன் போர்டு கார்களை, அதாவது சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த கார்களை, வாடகைக்குப் பிடித்து ஓட்டுகிறார்கள். ஏதாவது ஆனால் அதை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸை மறுத்துவிடுவார்கள். இதைச் சொன்னால் "ஒண்ணும் ஆகாது மேடம்" என்பார்கள்.

ஆகும். எனக்கு ஆகியிருக்கிறது. என் வண்டியில் பேப்பர் எல்லாம் சரியாகவே இருந்தது, தூக்கம்தான் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு சீரியல் ஷெட்யூல். 6 மணி கால்ஷீட் என்றால் மேக்கப் ஆட்களை 4 மணிக்கே ஏற்றவேண்டும். அதற்கு டிரைவர் 3 மணிக்கு எழவேண்டும். அன்றைக்கு வேலை நீண்டு, இரவு 10 மணிக்குத்தான் பேக்கப், அதாவது ஷூட்டிங் முடிந்தது. எல்லோரையும் இறக்கிவிட்டு, கடைசியாக மூன்று உதவியாளர்களை கடலூரில் விட வந்துகொண்டிருந்தார் என் டிரைவர். பகலெல்லாம் ஓட்டினாரா என்று கேட்டால் இல்லை. மர நிழலில் வண்டிக்குள் காத்திருந்தார். காத்திருப்பது ஓய்வு என்று நினைக்கிறார்கள். எந்த நேரத்திலும் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு, ஏசி போடாத வண்டியில் உட்கார்ந்திருப்பது ஓய்வா? கன்னியக்கோயில் தாண்டி ஒரு கண் சொக்கல். வண்டி சாலை நடுத்தடுப்பில் ஏறி நின்றது. ஒரு பையனுக்குக் கை எலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

மருத்துவமனை வராண்டாவில் அந்த டிரைவர் என்னைப் பார்த்து, "அக்கா, நான் முழிச்சிட்டுதான் இருந்தேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. தூங்கியது அவருக்கே தெரியவில்லை. அவரை அடுத்த நாள் காலை 4 மணிக்கும் போட்டிருந்தது நான்தான். என் கையெழுத்தில் அந்தப் பட்டியல் இன்னும் இருக்கிறது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் போனால் அரை மணி ஓய்வு என்று எழுதியது. ஷூட்டிங்கில் கேமராமேனின் நேரம் கணக்கில் இருக்கும், லைட்மேனுக்குக் கேட்கச் சங்கம் இருக்கும். உள்ளூரில் பிடித்த டிரைவருக்கு யார் கணக்கு பார்க்கிறார்கள்? சாப்பாடுகூடப் பல நாள் பந்தி கலைந்த பிறகுதான்.

அதனால் இப்போது என் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதியே கொடுக்கிறேன். இரவு ஷூட்டிங் இருந்தால் மூன்று வண்டிக்கு ஒரு மாற்று டிரைவர். லொகேஷன் பக்கத்திலேயே டிரைவர்கள் படுக்க மின்விசிறியோடு ஓர் அறை. கடைசி டிராப் முடிந்ததிலிருந்து 8 மணி நேரம் ஆகாமல் அதே ஆளுக்கு அடுத்த பிக்கப் கிடையாது. பாண்டிச்சேரியில் டீசல் தமிழ்நாட்டைவிட விலை குறைவு. இங்கேயே வண்டிகளுக்கு டீசல் போட்டால் மிச்சமாகும் பணம் கூடுதல் பேட்டாவில் ஒரு பகுதிக்காவது ஆகும் என்று கணக்குப் போட்டும் காட்டியிருக்கிறேன்.

அந்த டிரைவர் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறார். சாவி வாங்க வரும்போது, நான் கேட்பதற்கு முன்னாலேயே எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று சொல்லிவிடுவார். புதுப் பையன்களுக்கும் அதைப் பழக்கிவிட்டார்.

நேற்று சாயங்காலமே எட்டுப் பேருக்கான ரேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஆறாகக் குறைக்கச் சொன்னால் வண்டி வராது என்றும் கீழே எழுதியிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.