அப்பாவோட கூலி எந்த வரியில இருக்கு?

எங்கப்பா கொத்தனாரு. போன மாசம் ஒரு வீடு கட்டுற வேலை பேசப் போயிருந்தாரு, தஞ்சாவூர் டவுன்ல. வீட்டுக்காரர் போனை நீட்டி, "இந்தியாவுல கட்டட வேலைக்கு சராசரி கூலியே 393 ரூபாதான் மேஸ்திரி, நீங்க ஆயிரம் கேக்குறீங்களே"ன்னு சொல்லிருக்காரு. அப்பா ஒண்ணும் பேசாம திரும்பி வந்துட்டாரு. ராத்திரி சாப்புடும்போது என்கிட்ட மெதுவா, "நெஜமாவே அப்படித்தான் போட்ருக்கா தம்பி?"ன்னு கேட்டாரு. எனக்கு சோறு எறங்கல. அன்னைக்கே உக்காந்து தேடிப் பாத்தேன்.

நம்பர் பொய் இல்ல. ரிசர்வ் பேங்க் வருஷா வருஷம் மாநிலவாரியா ஒரு புள்ளிவிவரத் தொகுப்பு போடுறாங்க, அதுல 2022-23க்கு கிராமப்புற கட்டுமானத் தொழிலாளியோட தினக்கூலி இந்திய சராசரி 393.3 ரூபான்னு இருக்கு. ஆனா அதே டேபிள்ல கேரளாவுக்கு 852.5, தமிழ்நாட்டுக்கு 500.9, மத்தியப் பிரதேசத்துக்கு 278.7. இவ்ளோ தூரம் விலகி நிக்கிற ஊரையெல்லாம் ஒண்ணாப் போட்டு எடுத்த நம்பர், அதுவும் பழைய வருஷத்து நம்பர், அத தூக்கிட்டு வந்து தஞ்சாவூர்ல இன்னைக்கு பேரம் பேசுனா அது எப்படிங்க நியாயம்?

சரி, தமிழ்நாட்டு நம்பரையே எடுத்துக்குவோம், 500.9. அதுவும் எங்க ஊர் கூலிக்கு ஒத்து வரல. ஏன்னு பாத்தா, இந்தக் கணக்குக்கு அடிப்படை மத்திய அரசோட லேபர் பீரோ மாசாமாசம் எடுக்குற கிராமக் கூலி விவரம், அந்த வருஷம் 20 மாநிலத்துல மொத்தம் 600 கிராமத்துல கேட்டு எழுதுனது. அதுல கொத்தனார் தனி வரி, தச்சர் தனி வரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் எல்லாம் தனித்தனி, 'கட்டுமானத் தொழிலாளி'ங்கறது இன்னொரு வரி. வீட்டுக்காரர் காட்டுனது கொத்தனார் கூலியே இல்ல! முப்பது வருஷமா கரண்டி புடிச்ச கையி, ரசமட்டம் வைக்காமயே செவுரு கோணலா இருந்தா கண்ணாலயே சொல்லிடுவாரு, அவரோட கூலிய வேற வரியில வச்சுப் பேசிருக்காங்க.

அதோட இது கிராமத்துல குடுக்குற கூலி. எங்க தெருவுல வேலை தெரிஞ்ச ஆளு யாரும் ஊருக்குள்ள வேலை பாக்குறதில்ல, காலைல மொத பஸ்ஸப் புடிச்சு டவுனுக்குப் போயிடுறாங்க, சில பேரு திருப்பூர் கோயம்புத்தூர்னு போயி மாசக்கணக்குல தங்கிடுறாங்க. அப்புறம் ஊர்ல வந்து கணக்கெடுத்தா எந்தக் கூலிய எழுதுவாங்கன்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

இது ஒரு பக்கம்னா, இன்னொரு பக்கம் நம்பர் கம்மியா காட்டல, கூடுதலா காட்டுது, அத யாரும் பேசுறதில்ல. தினக்கூலிங்கறது வேலை இருக்குற நாளுக்கு மட்டும். அப்பா ஆயிரம் வாங்குறாருன்னா மாசம் முப்பதாயிரம்னு கணக்குப் போடுறாங்க பாருங்க, அங்கதான் மனசு வலிக்குது. எங்க வீட்டு நாள்காட்டில வேலைக்குப் போன நாளுக்கு அப்பா பேனாவால ஒரு கோடு போடுவாரு. போன வருஷம் ஐப்பசில எண்ணிப் பாத்தேன், 11 கோடு. மழை பேஞ்சா பூச்சு வேலை நிக்கும், மணல் லோடு வரலன்னா நிக்கும், வீட்டுக்காரருக்கு லோன் பணம் வரலன்னாலும் நிக்கும். அந்த 11 ஆயிரத்துலயும் பஸ்ஸுக்கு, டீக்கு போக சனிக்கிழமை கைக்கு வர்றதுல பாதி வாங்குன அட்வான்ஸுக்கே கழிஞ்சுடும்.

இதெல்லாம் அப்பாவுக்கு வெவரமா சொன்னேன். கேட்டுட்டு, "அப்ப நான் கேட்டது தப்பில்ல"ன்னு மட்டும் சொன்னாரு. மறுநாள் வேற எடத்துல அதே ஆயிரத்துக்கு பேசி முடிச்சுட்டாரு.

அம்மா பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அம்மாவும் கட்டட வேலைதான், சித்தாளு, தலையில சும்மாடு வச்சு கலவைச் சட்டி தூக்கி சாரத்துல ஏறும், கூலி 550. "என் கூலி அதுல எங்கடா இருக்கு?"ன்னு கேட்டுச்சு. திரும்பவும் டேபிளத் தொறந்தேன். அது ஆம்பளைங்க கூலிக்குப் போட்ட டேபிள்.

இந்த மாசத்துலேர்ந்து நாள்காட்டில அம்மா போற நாளுக்கும் கோடு போடுறேன், செவப்பு பேனாவுல. இதுவரைக்கும் 6.