தலைச்சன் பிரசவத்தைப் புருசன் ஊரில் தேடினேன்

அம்மா 2023இல் காலமானார். வாரிசுச் சான்று வாங்குவதற்காக வீட்டுப் பத்திரங்களைக் கிளறியபோது, டிரங்குப் பெட்டியின் அடியில் துணிக்கடை மஞ்சள் பைக்குள் மடித்து வைத்த நான்கு தாள் கிடைத்தது. 1976 ஆகஸ்டில் பதிவான சுவீகாரப் பத்திரம். எட்டு மாதப் பெண் குழந்தையைக் கொடுத்தார்கள், பெற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தது. அந்தக் குழந்தை நான்.

நான் எடுத்து வளர்த்த பிள்ளை என்பது எனக்குப் புதிதில்லை. கோபிசெட்டிபாளையத்தில் ஒன்பதாவது படிக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். "ஆமாங் கண்ணு" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் இருக்கிறவரை தேடக்கூடாது என்பது நானாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு இடித்தால் தூக்கம் வராது. தேடியதும் அந்தப் புத்தியில்தான். சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதால் ஆள் பெயரையும் கிராமத்துப் பெயரையும் எழுதவில்லை. என்னைப் பெற்றவர் பெயர் பழனியம்மாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பெயரும் இதைப்போலவே தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர்தான்.

எனக்கு ஒரு அதிர்ஷ்டம், பத்திரம் இருந்தது. 1956ஆம் வருடத்து இந்து தத்துச் சட்டப்படி பதிவு செய்த பத்திரத்தில் கொடுப்பவர், வாங்குபவர் இருவர் பெயரும் கையொப்பமும் இருக்கும். விடுதி மூலம் தத்துப் போனவர்களுக்கு வழி வேறு. பதினெட்டு வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம். தத்து கொடுத்த நிறுவனத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ கேட்கலாம். பெற்றவர் தன் விவரம் வெளியே தெரியக்கூடாது என்று சொல்லியிருந்தால் அவர் சம்மதம் வேண்டும். நமக்காக இன்னொருவர் போய்க் கேட்க முடியாது. 1992இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில், பெயர் சொல்லாமல் தொட்டிலில் போடப்பட்ட பிள்ளைகளுக்குத் தேடுவதற்குத் தாளே கிடையாது. அவர்களை நினைத்தால் நான் பட்டதெல்லாம் ஒரு பாடா?

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். "தாராபுரம் தாலுகா இன்ன கிராமம் காலஞ்சென்ற இன்னார் மனைவி பழனியம்மாள், வயது 22." அவ்வளவுதான். அவர் யாருடைய மகள், எந்த ஊரில் பிறந்தார் என்று நாலு தாளிலும் ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பக்கத்தில் இடது பெருவிரல் ரேகை, ஊதா மையில், கொஞ்சம் இழுபட்டு.

புருசன் இல்லாத இருபத்திரண்டு வயதுப் பெண் புருசன் ஊரிலேயே ஐம்பது வருடம் இருந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. இருந்தாலும் கையில் இருந்த ஊர் அது ஒன்றுதான். அங்கே என் பிறப்புப் பதிவைத் தேடினால் முழு விலாசம் கிடைக்கும் என்று கிளம்பினேன்.

இதில் மூன்று மாதம் வீணானது. முதல் தப்பு என்னுடையது. பள்ளிச் சான்றிதழில் என் பிறந்த தேதி 1-6-1975. எங்கள் தலைமுறையில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில்தான் பிறந்தோம், தலைமையாசிரியர் தயவில். பத்திரத்தில் எட்டு மாதக் குழந்தை என்று இருக்கும்போது 1975 கடைசியில்தானே பிறந்திருக்க வேண்டும்? அந்தக் கழித்தல் கணக்கைப் போடாமல் ஜூனைத் தேடச் சொன்னேன். கணக்கு எழுதுகிறவள் செய்கிற வேலையா இது!

இரண்டாவது, எந்த அலுவலகம் என்ற குழப்பம். 1975இல் தாராபுரம் கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது, அதுதான் பிறகு ஈரோடு மாவட்டம். 2009இல் திருப்பூர் மாவட்டம். இருந்த இடத்தைவிட்டு நகராமல் மூன்று மாவட்டம் பார்த்த ஊர். கிராமத்தில் பிறப்பு இறப்பு எழுதியவர்கள் அப்போது கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும். 1980இல் அந்தப் பரம்பரை வேலைகளை அரசு ஒழித்த பிறகுதான் வி.ஏ.ஓ. வந்தார். பழைய ஏடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேட வேண்டும் என்பதே எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஓர் அலுவலகத்தில் கரையான் அரித்துவிட்டது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை வேறொருவர் இருந்தார், ஏடு முழுசாக இருந்தது. டிசம்பர் வரை பார்த்து, பதிவு இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர் என்ன ஏதென்று விசாரித்தார். எழுபது வயது இருக்கும். முழுக்கச் சொல்லாமல், சொந்தக்காரர் ஒருவருக்காகப் பார்க்கிறேன் என்றேன்.

"முதல் கொழந்தைங்களா?"

"ஆமாங்க, அப்படித்தான் நினைக்கிறேன்."

"ஏனுங்க அம்மிணி, தலைச்சன் பிரசவத்தப் புருசன் ஊர்ல தேடுனா எப்படிங்க கிடைக்கும்?"

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளை நானும் கோபியில் அம்மா வீட்டில் இருந்துகொண்டுதான் பெற்றேன். ஏழாம் மாதம் சீர் செய்து கூட்டிப் போனார்கள். இந்த வழக்கத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தோன்றவில்லை. அரசாங்க ஏடு என்றவுடன் வீட்டுப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டேன் போல.

அப்படியானால் அம்மா வீடு எது? இதைச் சொல்ல அப்பா வழியில் ஆள் இருந்தார், பத்திரத்தில் உள்ள ஊரில் ஒரு பெரியப்பா. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் யார் என்று சொன்னதும் முகம் மாறிவிட்டது. காடு தோட்டம் கேட்டு வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. தத்துக்கு முன்பே பிள்ளைக்குச் சேர்ந்துவிட்ட சொத்து அப்புறமும் பிள்ளையுடையதுதான் என்று அதே 1956 சட்டம் சொல்கிறது. நான் அதற்காகப் போகவில்லை, அதைச் சொல்லிவிட்டேன். நம்பினாரோ என்னவோ, குலதெய்வக் கோயில் வரி நோட்டை எடுத்து என் அப்பா பெயரைக் காட்டினார். தலைக்கட்டு வரி, 1974, அஞ்சு ரூபாய். அடுத்த வருடத்துப் பக்கத்தில் அந்தப் பெயர் இல்லை. கிணறு தூர்வாரும்போது மண் சரிந்து இறந்துபோனாராம். நோட்டில் எழுபது எண்பது பங்காளிகள் பெயர் இருந்தது, ஒரு பெண் பெயர்கூட இல்லை.

கிளம்பும்போது, "அவிய கொடுமுடிப் பக்கம், ஆத்தங்கர ஊரு" என்று மட்டும் சொன்னார்.

கொடுமுடி பக்கத்து அலுவலகத்தில் எனக்கு வாய்த்த எழுத்தர் நல்ல மனுசி. அப்பா பெயர், அம்மா பெயர், 1975 நவம்பர் முதல் 1976 ஜனவரி வரை என்று எழுதிக் கொடுத்தேன். ஆற்றங்கரைக் கிராமங்களின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவது கிராமத்தில், 1975 டிசம்பர் 28. பெண். தந்தை பெயர் சரி, தாய் பெயர் சரி. குழந்தையின் பெயர் என்ற கட்டம் காலி. அந்தக் காலத்தில் பெயர் வைக்குமுன்பே பதிந்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள், பெரிய விஷயமில்லை. ஆனாலும் அந்தக் காலிக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியது கடைசிக் கட்டத்தில் இருந்தது. தகவல் கொடுத்தவர் பெயர், உறவு, கையொப்பம். என் அப்பச்சி. மகள் பிரசவத்தை மணியக்காரரிடம் சொல்லப் போனவர் அவர்தான். பெற்றவரின் அப்பா பெயர் எனக்குத் தெரியவந்தது இந்த ஒரு வரியால். தேடுகிறவர்கள் நகல் வாங்கினால் இந்த விவரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இப்போது தருகிற சான்றிதழில் அது வராது, ஏட்டில்தான் இருக்கும்.

நம் ஊரில் ஒரு பெண்ணைத் தாளில் தேடுவதென்றால் அவள் இனிஷியலைத் தேடுவதுதான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பெயர், பின்னால் புருசன் பெயர். நடுவில் கயிறு அறுந்துவிடும். கல்யாணத்தைக் கட்டாயமாகப் பதிய வேண்டும் என்ற சட்டமே 2009இல்தான் இங்கே வந்தது. அறுந்த இரண்டு முனையும் ஒரே வாக்கியத்தில் சேர்கிற இடம் எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு, அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரம். அப்பா வீட்டுச் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதும்போது மட்டும், இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான என்று முழுசாகப் போடுவார்கள்.

அப்பச்சி பெயரை வைத்து அந்தக் கிராமத்தில் விசாரித்து நிலத்தின் சர்வே நம்பரைப் பிடித்தேன். நம்பர் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்த்துவிடலாம். ராத்திரி பதினொரு மணிக்கு மொபைலில் பார்க்கிறேன், 1996இல் ஒரு விடுதலைப் பத்திரம். எழுதிக்கொடுத்தவர் பழனியம்மாள், எழுதிப்பெற்றவர்கள் இருவர். நகலுக்கு மனுப் போட்டு வாங்கினேன். "காலஞ்சென்ற இன்னார் மகளும், பரமத்தி வேலூர் தாலுகா இன்னார் மனைவியுமான பழனியம்மாள்." மறுபடி கல்யாணம் ஆகியிருக்கிறது. காவிரிக்கு அக்கரையில் போய் இருந்திருக்கிறார்.

ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. 1976 பத்திரத்தில் கைரேகை. இதில் கையெழுத்து, கோணல்மாணலாக, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு. ரேகை வைத்தவர் இருபது வருடம் கழித்துக் கையெழுத்துப் போடுவாரா? இது அக்கா தங்கை யாராவதாக இருந்தால்? இரண்டு வாரம் இதிலேயே மனசு உழன்றது. 2002 வாக்காளர் பட்டியலில் அந்த ஊரில் மூன்று பழனியம்மாள். பத்திரத்தில் இருந்த கணவர் பெயரோடு ஒருவர்தான், வயது 48. கணக்கு சரியாக வந்தது. இப்போதைய பட்டியலிலும் பெயர் இருந்தது.

நேராகப் போய்க் கதவைத் தட்டவில்லை. கடிதமும் எழுதவில்லை, யார் பிரிப்பார்கள் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டில் நான் ஒருத்தி இருப்பது தெரியாமலே பேரன் பேத்தி எடுத்திருக்கலாம். விடுதலைப் பத்திரத்தில் இருந்த மாமா ஒருவரைப் போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"சொத்து விசயமா வந்தீங்களா அம்மிணி?" இங்கேயும் அதே கேள்வி.

உங்கள் காட்டில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது என்று சொல்லி, ஏட்டு நகலை நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவருடைய அப்பா கையெழுத்தையே பார்த்தார். "எங்கய்யன் கையெழுத்து" என்றார். அப்புறம் உள்ளே திரும்பி, "காப்பி வையி" என்றார்.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். அக்கா வரச் சம்மதம், ஆனால் வீட்டுக்கு வேண்டாம், கொடுமுடிக் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம், கூட யாரும் வரக்கூடாது என்றார். எனக்கும் அதுவே நல்லதாகப் பட்டது.

வன்னி மரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைவிடக் குள்ளம். ஒயர் கூடையில் ஒரு கவுளி வெற்றிலையும் ஒரு சீப்பு பூவன் பழமும் கொண்டுவந்திருந்தார். அழுவோம் என்று நினைத்திருந்தேன், இருவருமே அழவில்லை. "அந்தம்மா உன்னய அடிப்பாங்களா?" என்று கேட்டார். இல்லைங்க என்றேன். "அம்மா" என்று கூப்பிட வாய் வரவில்லை, கடைசிவரை "ஏனுங்க" என்றுதான் பேசினேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. வயிற்றில் இருக்கும்போதே அப்பாவை முழுங்கிய பிள்ளை என்று புருசன் வீட்டில் சேர்க்கவில்லையாம். அதற்கு மேல் அவர் சொன்னது இங்கே வேண்டாம்.

எனக்கு உறுத்திக்கொண்டிருந்த கையெழுத்தைக் கேட்டேன். சிரித்துவிட்டார். அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்டாராம், ராத்திரியில் களத்துமேட்டில் நடக்குமாம். "இப்ப பஸ் போர்டெல்லாம் படிப்பேன்."

பையிலிருந்து 1976 பத்திரத்தை எடுத்துக் காட்டினேன். ரேகையைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்துக்குப் போனார். "அன்னைக்கு யாரும் படிச்சுக் காட்டலை. வையின்னாங்க, வெச்சேன்." வரிக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். 'சுவீகாரம்' என்ற இடத்தில் நின்று, அப்படியென்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். நாலு பக்கம் முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆனது. நடுவில் உச்சிகாலப் பூஜை மணி அடித்தது, எழுந்திருக்கவில்லை.

படித்து முடித்துவிட்டு, "இதுல எனக்கொண்ணு எடுத்துக் குடு" என்றார்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை திறந்திருந்தது. எட்டு ரூபாய் ஆனது. நான் எடுப்பதற்குள் முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்து அவரே கொடுத்துவிட்டார்.