கால் கிலோ வடாம், நாலு கை, ஒரு மொட்டைமாடி

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் புதுக்குடித்தன வீடுகளில் வடாம் பேச்சு கிளம்பும். "ரெண்டே பேர் இருக்கோம், இதையெல்லாம் யார் இழுத்துப் போட்டுக்கிறது?" என்று அன்றே அடங்கியும் விடும். நமக்குக் கிடைக்கிற கணக்கெல்லாம் பெரிய குடும்பத்துக் கணக்கு என்பதால் வருகிற மலைப்பு இது. இரண்டு படி அரிசி, அண்டா நிறையக் கூழ், மாடி முழுக்க வேட்டி என்று கேட்டால் யாருக்கும் தயக்கம் வரத்தான் செய்யும். அதையே கால் கிலோ மாவுக்குக் குறைத்துப் பாருங்கள், இரண்டு பேருக்கென்றே அமைந்த வேலையாகிவிடும். கூழ் கிண்டும்போது ஒருவர் கிளற வேண்டும், ஒருவர் ஊற்ற வேண்டும். பிழியும்போது ஒருவர் முறுக்கு நாழியை நிரப்ப, ஒருவர் அழுத்த வேண்டும். காய்ந்த துணியிலிருந்து உரிக்கவும் நாலு கை வேண்டும். கல்யாணமான முதல் வருஷத்தில் சேர்ந்து செய்ய இதைவிட நல்ல சனி ஞாயிறு வேலை எங்களுக்குத் தெரிந்து இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் காக்காய்க்கு ஒரு வழி செய்துவிடுங்கள். கருப்புக் குடையை விரித்து வைத்தால் காக்காய் ஒரு நாள் தள்ளி நிற்கும், மறுநாள் குடைக்குப் பக்கத்திலேயே வந்து உட்காரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வலைக்கூண்டுதான். முக்கால் அங்குல பிவிசி குழாய் 10 அடி நீளத்தில் இரண்டு, அதே அளவில் எல்போ (மூலை வளைவு) 4, டீ (T வடிவ மூவழி இணைப்பு) 4 வாங்குங்கள். ஒரு குழாயில் 3 அடித் துண்டு இரண்டும், 3 அடி 4 அங்குலத் துண்டு ஒன்றும் வரும். மற்றதில் 3 அடி 4 அங்குலம் ஒன்று, கால்களுக்கு 9 அங்குலத் துண்டு நான்கு, மூலைகளுக்கு 3 அங்குலத் துண்டு நான்கு. ஆக்சா பிளேடு போதும். அறுத்த வாயை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிசிறு வலையைக் கிழிக்கும்.

நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் வரிசை இப்படி: எல்போ, 3 அங்குலத் துண்டு, டீ, நீளத் துண்டு, டீ, 3 அங்குலத் துண்டு, எல்போ. டீயின் வாயைக் கீழ்நோக்கித் திருப்பிக் கால்களைச் செருகிவிடலாம். இரண்டு 3 அடித் துண்டுகளும் குறுக்குப் பக்கங்கள். பசை தடவ வேண்டாம். செருகி வைத்தாலே நிற்கும், சீசன் முடிந்ததும் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம். மேலே பழைய வெள்ளைக் கொசுவலையை ஏழடிக்கு ஆறடி வெட்டிப் போர்த்தி, துணிக் கிளிப் மாட்டி, தரையில் படும் ஓரங்களில் செங்கல் வையுங்கள். நர்சரியில் விற்கிற பச்சை நிழல்வலை இதற்கு ஆகாது, வெயிலை அது மறைத்துவிடும். கால் உயரத்தையும் 9 அங்குலத்துக்குக் குறைக்காதீர்கள். காக்காய் வலை மேல் உட்கார்ந்தால் வலை தொய்யும். தொய்ந்து வடாமைத் தொட்டால் வலைக்கண் வழியாகவே கொத்தித் தின்றுவிடும்.

இனி அளவு. டம்ளர் என்றால் இங்கே 200 மில்லி. பச்சரிசி மாவு 250 கிராம், தளர்வாக அள்ளினால் 2 டம்ளர். ஜவ்வரிசி 50 கிராம், பச்சை மிளகாய் 6 அல்லது 7, எலுமிச்சம்பழம் 1, பெருங்காயத்தூள் கால் தேக்கரண்டி, தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி, தண்ணீர் 6 டம்ளர். காய்ந்ததும் ஏறக்குறைய 300 கிராம் வடாம் தேறும். வாரம் ஒரு முறை பொரித்தாலும் இரண்டு பேருக்குச் சில மாதம் வரும்.

மாவுக்குப் பழைய அரிசியாகப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் நிழலாற உலர்த்தி மில்லில் நைஸாகக் கொடுத்து வாங்குவது உத்தமம். கடை மாவு வாங்கினால் வறுக்காத பச்சரிசி மாவா என்று கேட்டு வாங்குங்கள். இடியாப்ப மாவு பெரும்பாலும் பக்குவப்படுத்தியது, அது தண்ணீர் கூடக் குடிக்கும், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஜவ்வரிசி சேர்ப்பது வடாம் நன்றாகப் பொரியவும் லேசாக இருக்கவும். மாவில் ஐந்தில் ஒரு பங்கு போதும், கூடினால் பொரித்தபின் பல்லில் ஒட்டும். சீக்கிரம் கரையும் மாவு ஜவ்வரிசியே இதற்கு வசதி. முந்தின இரவே அரை டம்ளர் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் கெட்டுப்போவது உப்பில்தான். கூழ் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ இருக்கும், காய்ந்தால் 300 கிராம் ஆகும். தண்ணீர் போய்விடும், உப்பு போகாது. அதனால் கூழை நாக்கில் வைத்தால், சாப்பிட வேண்டிய உப்பில் பாதிதான் இருக்கிறது என்று படவேண்டும். காரமும் அப்படியே. கூழிலேயே சரியாக இருந்தால் வடாம் கரித்துக் கொட்டும்.

காலை ஐந்தரைக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் ஆறரைக்குப் பிழியலாம். மிளகாயையும் உப்பையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டிக்கொள்ளுங்கள், விதையோ தோலோ போனால் அச்சுக் கண் அடைத்துக்கொள்ளும். சீரகம், எள் போடாததும் அதனால்தான். அடி கனத்த, நாலு லிட்டராவது பிடிக்கும் பாத்திரத்தில் 4 டம்ளர் தண்ணீர், மிளகாய்ச் சாறு, பெருங்காயம், ஊறின ஜவ்வரிசி எல்லாம் போட்டுக் கொதிக்க விடுங்கள். ஜவ்வரிசி கண்ணாடி மாதிரி ஆனபின் தீயைக் குறையுங்கள். மீதி 2 டம்ளர் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, ஒருவர் நூல் போல ஊற்ற ஒருவர் கை எடுக்காமல் கிளற வேண்டும். மாவைப் பொடியாகவே கொதிநீரில் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து உறை மாதிரி மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு கட்டியாக நிற்கும். அப்புறம் எவ்வளவு மசித்தாலும் அது போகாது.

ஊற்றி முடித்த ஐந்து நிமிடத்தில் கூழ் இறுகிவிடும், வெந்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். இன்னும் வேகவில்லை. சிறு தீயில் மேலும் 12 முதல் 15 நிமிடம் கிளறுங்கள், கை வலித்தால் மாற்றி மாற்றி. சுண்ணாம்பு போல் இருந்த வெள்ளை மங்கி, பளபளப்பு ஏறும். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக்கூடாது. அடி பிடிக்கிற மாதிரி இருந்தால் அரை டம்ளர் வெந்நீர் தெளிக்கலாம், பச்சைத் தண்ணீர் விடாதீர்கள். இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் திருடினால் வெயிலில் தண்டம் கட்ட வேண்டிவரும். வேகாத கூழில் பிழிந்த வடாம் காயும்போதே விரிசல் விட்டு, டப்பாவில் தூளாகக் கிடக்கும். எண்ணெயிலும் பொரியாது. முழுக்க வெந்த மாவு காய்ந்ததும் கண்ணாடி போல இறுகி, உள்ளே கொஞ்சூண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சூடான எண்ணெயில் அந்த ஈரம் ஆவியாகி உள்ளிருந்து தள்ளுவதால்தான் வடாம் பூவாக விரிகிறது.

அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்தபின் எலுமிச்சைச் சாறு. கொதிக்கும்போது விட்டால் கசப்பு தட்டும். பாத்திரத்தின் மேல் ஈரத்துணி மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஏடு படிந்து அந்த ஏடே அச்சை அடைக்கும். மாடிக்குத் தூக்கிப் போகும் முன் ஆளுக்கு ஒரு கரண்டி கூழைக் கிண்ணத்தில் எடுத்து நல்லெண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். உப்பு குறைவான கூழுக்கு அந்தப் பருவத்தில் கிடைக்கிற வடுமாங்காய் அருமையான ஜோடி. வடாம் போடும் நாளில் இதைவிட நல்ல காலைப் பலகாரம் கிடையாது.

கூழ் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே பிழியுங்கள். ஆறிப்போனால் கெட்டிப்பட்டு மணிக்கட்டை வாங்கும், இழையும் அறுந்து அறுந்து விழும். விரிக்க, பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் ஷீட்டில் காய்ந்ததும் தானே பெயரும், வசதிதான். ஆனால் சூடான கூழைப் பிளாஸ்டிக்கில் போடுவதை நாங்கள் ஒப்புவதில்லை. அடிப்பக்கமும் அதில் காய நேரமாகும். அச்சு, தேன்குழல் அச்சில் சின்னக் கண் உள்ளதாக இருக்கட்டும். ஓமப்பொடி அச்சில் பிழிந்தால் சீக்கிரம் காயும், டப்பாவில் நொறுங்கும். ரிப்பன் பார்வையாக இருக்கும், காய மூன்று நாள் கேட்கும்.

நாழியின் உள்ளே தண்ணீர் தடவி, கூழைக் கரண்டியால் அழுத்தி நிரப்ப வேண்டும். இடையில் காற்று நின்றால் பிழியும்போது டப்பென்று வெடித்து இழை அறும். இரண்டு நாழி இருந்தால் ஒன்று பிழிய ஒன்று நிரம்பிக்கொண்டே இருக்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே அடுக்காகப் பிழியுங்கள். அழகுக்காக முறுக்கு மாதிரி மேலே மேலே சுற்றினால், இழை இழை மேல் ஏறிய இடம் காயாமல் நின்று, பொரிக்கும்போது அங்கே கடுக்கென்று கல் மாதிரி இருக்கும்.

முதல் இரண்டு மணி நேரம் மாடியிலேயே இருப்பது நல்லது. காற்றில் துணி மடங்கினால் ஈர வடாம் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகும். காவலுக்கு நிழலில் ஒரு தாயக்கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம். நாலு பக்கத்து நடுக்கட்டத்திலும், மையத்திலும் பெருக்கல் குறி போட்டால் அவை மலை, அங்கே நிற்கிற காயை வெட்ட முடியாது. வெளிச்சுற்று 16 கட்டம், உள்சுற்று 8, மையம் பழம், காய் போய்ச் சேர வேண்டிய இடம். ஆளுக்கு 4 காய், எதிரெதிர் பக்கத்து மலையில் இறங்க வேண்டும். எதிராளியின் காய் ஒன்றையாவது வெட்டாமல் உள்சுற்றுக்குள் போகக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும், பாதி ஆட்டத்தில் இரண்டு ஊர் விதியும் மோதினால் அன்றைக்கு வடாமை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

பித்தளைத் தாயக்கட்டை இல்லையா, புளியங்கொட்டை ஆறு போதும். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தைச் சொரசொரப்பான சிமெண்டுத் தரையில் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தட்டையாகும்வரை தேய்க்காதீர்கள், தட்டைப் பக்கம் பெரும்பாலும் கீழேயே விழும். ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், அதாவது ஒன்று. ஆறும் வெள்ளை என்றால் ஆறு, ஒன்றும் வெள்ளை இல்லாவிட்டால் பன்னிரண்டு. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். ஒரு கணக்கு சொல்கிறோம்: வெறுமை, 1, 2, 3 என்று முகம் உள்ள பித்தளைக் கட்டை இரண்டில் தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. புளியங்கொட்டை ஆறில், இரு பக்கமும் சமமாக விழுந்தாலும், அது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதால் கொட்டையில் ஆட்டம் நீளும். காவலுக்கு அதுவே நல்லது.

மாலை நாலரைக்கு, ஈரக்காற்று இறங்கும் முன், துணியைச் சுருட்டாமல் நாலு மூலையையும் இரண்டு பேரும் பிடித்து அப்படியே உள்ளே கொண்டுவாருங்கள். துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் விட்டு, ஒருவர் துணியை இழுத்துப் பிடிக்க ஒருவர் உரித்தால் உடையாமல் வரும். தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், தெளிக்கத்தான் வேண்டும். உரித்ததைத் தாம்பாளத்தில் மறுபக்கம் மேலே வருமாறு பரப்பி, ஞாயிறு முழுக்க வெயிலில் வையுங்கள். அரைக்காய்ச்சல் வடாமை வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர் வீட்டில் இருந்தால் கணக்கில் பத்துப் பதினைந்து குறையும். ஒன்றை ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் தேவை. சந்தேகமிருந்தால் ஒன்றைப் பொரித்துப் பாருங்கள், நடுவில் பொரியாத கோடு தெரிந்தால் காயவில்லை.

மாடி இல்லாமல் பால்கனியில் மூன்று மணி நேர வெயில்தான் என்றால் பிழிகிற வடாமுக்கு ஆசைப்பட வேண்டாம். இலை வடாம் போடுங்கள். அதே மாவைத் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து உப்பு, மிளகாய் சேர்த்து, எண்ணெய் தொட்ட தட்டில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மூன்று நிமிடம் ஆவியில் வைத்து, ஆறினதும் உரித்தெடுத்து, முதல் நாள் மின்விசிறிக் காற்றிலேயே காயவிடலாம். மெல்லிசு என்பதால் மிச்சத்துக்கு அந்த மூன்று மணி வெயில் போதும்.

பொரிக்கும்போது எண்ணெயில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால் இரண்டு மூன்று நொடியில் விரிந்து மேலே வரவேண்டும். அடியிலேயே கிடந்தால் சூடு போதாது, வடாம் எண்ணெய் குடிக்கும். புகைந்தால் வெளியே சிவந்து நடு கடுக்கும். ஒரு தடவைக்கு நாலு வடாமுக்கு மேல் போடாதீர்கள், விரிய இடம் வேண்டும். தக்காளி சேர்த்த வடாம் சீக்கிரம் கருகும், தக்காளியில் இருக்கிற சர்க்கரைச் சத்துதான் காரணம். அதற்குத் தீயை ஒரு பிடி குறையுங்கள்.

டப்பா நன்றாகக் காய்ந்த எவர்சில்வராக இருக்கட்டும், வெயிலிலிருந்து எடுத்ததும் சூட்டோடு மூடாமல் ஆறவிட்டு அடைக்க வேண்டும். ஐப்பசி மழையில் நமுத்துப்போனால் தூக்கிப் போடாதீர்கள். வெறும் வாணலியைச் சூடாக்கி அடுப்பை அணைத்து, அதில் ஐந்து நிமிடம் புரட்டி எடுத்துப் பொரித்தால் பழையபடி விரியும்.