டிரான்ஸ்மிஷன்-டீமன்: முதலில் நிறுத்துங்கள், பிறகு திருத்துங்கள்

மானிட்டர் இல்லாமல் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கணினி ஒன்று இருந்தால், டாரன்ட் வேலையை (கோப்புகளைப் பலரிடமிருந்து துண்டுதுண்டாக இறக்கிப் பகிர்வதை) அதனிடம் விட்டுவிடலாம். கட்டளை வரியிலேயே முழுக்க நிர்வகிக்க, பின்னணியில் ஓடும் டாரன்ட் நிரலான டிரான்ஸ்மிஷன்-டீமனைத்தான் பரிந்துரைப்பேன். நினைவகம் அதிகம் கேட்காது, மாதக்கணக்கில் விழாமல் ஓடும். கீழே உள்ளவை லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனுக்கானவை.

நிறுவுவது சுலபம். டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக டிரான்ஸ்மிஷன்-டீமன், டிரான்ஸ்மிஷன்-சிஎல்ஐ என்ற இரண்டு பேக்கேஜ்கள். முதலாவது பின்னணியில் ஓடுவது. அதற்கு உத்தரவிடும் டிரான்ஸ்மிஷன்-ரிமோட் இரண்டாவதில் இருக்கிறது.

நிறுவிய கையோடு டீமன் ஓடத் தொடங்கிவிடும். பலர் இடறுவது இங்கேதான். அமைப்புகள் எல்லாம் /ஈடிசி/டிரான்ஸ்மிஷன்-டீமன் ஃபோல்டரில் உள்ள செட்டிங்ஸ்.ஜேசன் கோப்பில் இருக்கின்றன. அதைத் திறந்து, மாற்றி, சேமித்து, ரீஸ்டார்ட் கொடுத்தால் மாற்றியதெல்லாம் காணாமல் போயிருக்கும். காரணம், டீமன் நிற்கும்போது தன் நினைவில் உள்ள பழைய அமைப்புகளை அதே கோப்பின் மேல் எழுதிவிட்டுத்தான் நிற்கும். அதனால் முதலில் (சேவைகளை நிறுத்தவும் தொடங்கவும் உதவும் கட்டளையான) சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப், அடுத்து திருத்தம், கடைசியில் ஸ்டார்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஜேசனில் கடைசி வரிக்குப் பின் காற்புள்ளி வரக்கூடாது. ஒன்று கூடிவிட்டாலும் டீமன் எழாமல் போகலாம்.

டீமனுக்கு உத்தரவிடக் கேட்கப்படும் கடவுச்சொல்லை அதே கோப்பின் ஆர்பிசி-பாஸ்வேர்டு வரியில் அப்படியே எழுதுங்கள். அடுத்த முறை தொடங்கும்போது டீமனே அதை ஹாஷ் (திரும்பப் படிக்க முடியாத குறியீடு) ஆக்கிவிடும். அந்த ஹாஷ் நெளிவு அடைப்புக்குறியில் தொடங்கும் என்பதால், உங்கள் கடவுச்சொல் அந்தக் குறியில் தொடங்க வேண்டாம்.

அடுத்தது அனுமதிச் சிக்கல். டெபியனில் டீமன் ஓடுவது உங்கள் பெயரில் அல்ல, டெபியன்-டிரான்ஸ்மிஷன் என்ற தனிப் பயனரின் பெயரில். உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இறக்கச் சொன்னால் 'பெர்மிஷன் டினைடு' என்று நின்றுவிடும். உடனே 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போடாதீர்கள். இறக்குவதற்குத் தனி ஃபோல்டர் ஒன்றை உருவாக்கி, அதன் குழுவை டெபியன்-டிரான்ஸ்மிஷன் ஆக்கி, 2775 அனுமதி கொடுங்கள். முன்னால் உள்ள 2, உள்ளே உருவாகும் கோப்புகளுக்கும் அதே குழுவைத் தரும். உங்களையும் அந்தக் குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அதுவரை குழு மாற்றம் செல்லுபடியாகாது. இறங்கிய கோப்பை நீங்களும் திருத்தவேண்டும் என்றால் செட்டிங்ஸ்.ஜேசனில் யுமாஸ்க் (புதிய கோப்புகளில் எந்த அனுமதிகளை நீக்குவது என்று சொல்லும் எண்) 002 ஆக இருக்கவேண்டும். பழைய 3ஆம் பதிப்புகளில் இந்த எண் தசமத்தில் எழுதப்படும்: அங்கே காணும் 18 என்பது எண்ம முறையின் 022. ஆகவே அங்கே 2 என்று எழுதுங்கள்.

வெளி ஹார்ட் டிஸ்க்கில் இறக்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகும் முன்பே டீமன் எழுந்தால், தரவு இருந்த இடம் அதற்குக் காலியாகத் தெரியும். 'நோ டேட்டா ஃபவுண்ட்' என்று பிழை காட்டும். டீமன் எப்படித் தொடங்கவேண்டும் என்று சொல்லும் சிஸ்டம்டி யூனிட் கோப்பில் ரிக்வயர்ஸ்-மவுண்ட்ஸ்-ஃபார் வரியை (இடையில் கோடில்லாமல் ஒரே சொல்லாக) சேர்த்து, அந்தப் பாதையைக் குறிப்பிட்டால் டிஸ்க் வரும்வரை காத்திருக்கும்.

மற்றவர்கள் உங்கள் டீமனுடன் இணைய வரும் வாசல் போர்ட் 51413. ரவுட்டரில் இதை டிசிபி, யுடிபி இரண்டுக்கும் திறந்துவிடுங்கள். டிஹெச்டி (மைய சர்வர் இல்லாமல் மற்றவர்களைக் கண்டுபிடிக்கும் முறை) யுடிபியில்தான் ஓடுகிறது. டிரான்ஸ்மிஷன்-ரிமோட்டில் மைனஸ் பி டி கொடுத்தால் திறந்திருக்கிறதா என்று சொல்லும். எல்லாம் சரியாகச் செய்தும் மூடியே இருந்தால், ரவுட்டரின் வேன் முகவரியை (இணையப் பக்கம் உள்ள ஐபி முகவரியை) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் சிஜிநேட்டுக்கு (இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்வது) பின்னால் இருக்கிறீர்கள். ரவுட்டரில் என்ன செய்தாலும் ஐபிவி4-இல் திறக்காது. இறக்குவது அப்போதும் நடக்கும், ஏனென்றால் இணைப்பை உங்கள் பக்கமிருந்து தொடங்கலாம். ஆனால் போர்ட் மூடிய இருவர் பொதுவாக ஒருவரையொருவர் எட்டமுடியாது. ஆள் குறைந்த டாரன்ட்களில் இது நன்றாகவே உறைக்கும்.

பதிவேற்ற வேகத்துக்கு வரம்பு வைத்தே ஆகவேண்டும். மேல்நோக்கிய பாதை நிரம்பினால், இறக்கத்துக்கான ஒப்புகைப் பாக்கெட்டுகளும் அதே வரிசையில் சிக்கி, வீட்டு இணையம் முழுவதும் திணறும். ஸ்பீட்-லிமிட்-அப் மதிப்பு கிலோபிட்டில் அல்ல, கிலோபைட்டில். 10 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 1250 கிலோபைட். அதில் 80 விழுக்காடு, அதாவது 1000 வைத்துத் தொடங்கலாம். பக்கத்திலேயே உள்ள எனேபிள்டு வரியை ட்ரூ ஆக்க மறந்தால் எண் வேலை செய்யாது.

டீமனை நிர்வகிக்கும் 9091 போர்ட்டை வேறு கணினியிலிருந்து திறந்தால் 403 வருவது பிழையல்ல, பாதுகாப்பு: இயல்பாக 127.0.0.1 (அதாவது அதே கணினி) மட்டுமே அனுமதிப் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலை எல்லோருக்கும் திறந்துவிடுவதைவிட, எஸ்எஸ்ஹெச் டன்னல் (மறையாக்கப்பட்ட இணைப்பு) போட்டு 9091-ஐ உங்கள் கணினிக்குக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

சோதனைக்கு டெபியன் நிறுவல் ஐஎஸ்ஓவின் டாரன்ட் பொருத்தமானது. விதைப்பவர்கள் (முழுக் கோப்பையும் வைத்துப் பகிர்பவர்கள்) தாராளமாக இருப்பார்கள். டிரான்ஸ்மிஷன்-ரிமோட்டில் மைனஸ் ஏ கொடுத்துச் சேர்த்து, மைனஸ் எல் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். அனுமதிப் பிழையில் நின்றது என்றால், சரிசெய்தபின் மைனஸ் டி-யுடன் அதன் எண்ணையும் மைனஸ் வி-யையும் கொடுத்தால் இருக்கும் துண்டுகளைச் சரிபார்க்கும். பிறகு மைனஸ் எஸ் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். மைனஸ் ஆர் பட்டியலிலிருந்து மட்டுமே நீக்கும். ரிமூவ்-அண்ட்-டிலீட் கோப்பையும் சேர்த்து அழிக்கும், திரும்பக் கேட்காமல்.