செவன்ஸ் கால்களும் பதினொருவர் மைதானமும்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை, அப்படியே தெற்கே இறங்கி தூத்தூர், வள்ளவிளை, நீரோடி, கேரள எல்லை தாண்டினால் பொழியூர் என்று போனால், கால்பந்து தொடத் தெரியாத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபிக்கு இரண்டு மாநிலச் சட்டையிலும் இந்தக் கரையிலிருந்து ஆள் போயிருக்கிறது. இந்தக் கடற்கரைக்காரரான மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகள் வழியாகக் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி வரை போனார். அப்படிப்பட்ட ஊரின் கல்லூரி அணி, முதல் சுற்றிலேயே நாலு கோல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறது என்றால் குறை கால் வித்தையில் இல்லை. புதிதாகப் பொறுப்பேற்கும் கோச் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். அந்தக் கால்கள் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸில் பழகியவை. தோற்பது பதினொருவர் மைதானத்தில்.

கணக்கு எளிது. 100க்கு 64 மீட்டர் மைதானத்தை 22 பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு சுமார் 290 சதுர மீட்டர். ஊர் செவன்ஸ் களம் 60க்கு 40 என்று வைத்துக்கொண்டால், 14 பேருக்கு ஆளுக்கு 171தான். சின்ன இடத்தில் ஒருவன் விட்டதை இன்னொருவன் மூன்று எட்டில் போய் மூடிவிடலாம். பெரிய களத்தில் அந்த இடைவெளியை மூட இன்னும் பல எட்டு வேண்டும். போதாததற்கு, ஊர் செவன்ஸில் பெரும்பாலும் ஆஃப்சைடு (பந்து அடிக்கும் நேரத்தில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நிற்கும் தவறு) பார்ப்பதில்லை. அதனால் எதிரணி ஃபார்வர்டு எங்கே நின்றாலும் நடுவில் தடுக்கும் நம் ஸ்டாப்பர் அவன் பின்னாலேயே போய் நிற்பான். சின்ன வயதிலிருந்தே ஏறிய பழக்கம். பதினொருவர் ஆட்டத்தில் அவன் அப்படிப் பின்னால் போக, முன்னால் இருக்கிற ஃபார்வர்டு கோல் கனவில் முன்னாலேயே நிற்க, நடுவில் ஐம்பது மீட்டர் வெறுங்காடு. நடுக்களத்தில் ஆடும் இரண்டு ஹாஃப் பையன்கள் அந்தக் காட்டில் ஓடி ஓடி, அறுபதாவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். கோல் விழ ஆரம்பிப்பது அப்போதுதான்.

ஆகவே முதல் இரண்டு வாரம் யாரையும் நீக்க வேண்டாம், யாருக்கும் ஷூட்டிங் (கோலை நோக்கி அடிப்பது) சொல்லித்தரவும் வேண்டாம். ஒரு நோட்டு போதும். பயிற்சி ஆட்டத்தில் வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் நாலு விஷயம் எழுதுங்கள்: எத்தனையாவது நிமிடம், பந்தை எந்த இடத்தில் இழந்தோம், இழந்தபோது பந்துக்குப் பின்னால் நம் ஆள் எத்தனை பேர், கடைசி பாஸ் நடுவிலிருந்து வந்ததா ஓரத்திலிருந்து வந்ததா. கல்லூரிக் கட்டடத்தின் முதல் மாடி மைதானத்தைப் பார்த்து இருந்தால் அங்கே ஒரு ஃபோனை நிறுத்தி எடுங்கள். தரையில் நின்று எடுத்தால் ஆட்டக்காரர்களுக்கு இடையே உள்ள தூரம் தெரியாது. நமக்கு வேண்டியதே அந்தத் தூரம்தான்.

மூன்றாவது வாரம் கயிறு. 30 மீட்டர் நைலான் கயிறு வேண்டும். கடற்கரையில் அதற்குப் பஞ்சமில்லை. இரண்டு முனையிலும், நடுவே பத்து மீட்டருக்கு ஒன்றாகவும் முடிச்சுப் போட்டு, பின்வரிசையில் தடுக்கும் நாலு பேக்குகளும் ஆளுக்கொரு முடிச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோச் பந்தோடு எதிரே நின்று இடது வலதாக நடப்பார். கயிறு தொய்யவும் கூடாது, இழுபடவும் கூடாது. பத்து நிமிடம் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு கயிறில்லாமல் அதே அசைவு. கயிற்றின் முதல் வாரம் இவ்வளவே. அடுத்த வாரம் ஏற்ற இறக்கம். பந்து வைத்திருக்கும் எதிராளி தலை குனிந்தாலோ, நம் ஆள் அவனை நெருக்கினாலோ, பந்து பின்னால் போனாலோ நாலு பேரும் ஐந்து மீட்டர் ஏறுவது. அவன் நிமிர்ந்து, முன்னால் பார்த்து, நெருக்க யாரும் இல்லாமல் நின்றால் உடனே இறங்குவது. நெருக்கம் இல்லாதபோது ஏறினால் தலைக்கு மேல் ஒரே பந்து, கோலி (கோல்கீப்பர்) தனியாள்.

இங்கே தவறுவது எப்போதும் ஒரே இடம். மூன்று பேர் ஏறுவார்கள், பந்துக்குத் தூரமாக, ஓரத்தில் இருக்கிற விங் பேக் மட்டும் நின்றுவிடுவான். அவன் ஒருவன் பின்னால் நின்றாலே எதிரணி மொத்தமும் ஆன்சைடு. அதனால் ஸ்டாப்பர் சத்தம் போட வேண்டும், அதுவும் ஒரே சொல்லில். பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் மலையாளப் பையன்களும் அணியில் இருப்பார்கள். ‘கேறு’ (ஏறு), ‘இறங்கு’ என்ற இரண்டும் இரு பக்கத்துக்கும் விளங்கும். இங்கிலீஷில் கத்தினால் அது விளங்குவதற்குள் பந்து போய்விடும்.

பேக் வரிசை பழகியதும் மொத்த அணியையும் சேர்க்க வேண்டும். மைதானத்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டு நீளத்தை ஆறு பட்டையாகப் பிரியுங்கள். ஒரு பட்டை சுமார் பதினேழு மீட்டர். ஆட்டம் நடக்கும்போது நினைத்த நேரத்தில் விசில். எல்லோரும் நின்ற இடத்தில் உறைய வேண்டும். பந்து இல்லாத அணியின் பத்து பேரும் அடுத்தடுத்த இரண்டு பட்டைக்குள் இருந்தால் சரி. ஒருவன் வெளியே இருந்தாலும் எதிரணிக்கு ஒரு கோல். முதல் நாள் ஸ்கோர் 14-11 என்று கேலிக்கூத்தாகத்தான் போகும். அடுத்த வாரம் ஃபார்வர்டுகளே பின்னால் திரும்பிப் பார்த்து ‘கேறுலே மக்கா’ என்று கத்த ஆரம்பிப்பார்கள். இதற்கு 4-4-2 (நாலு பேக், நாலு ஹாஃப், இரண்டு ஃபார்வர்டு) போல வசதியான அமைப்பு வேறில்லை. ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் ஓர் ஆள், பின்னால் ஓர் ஆள். டிவியில் பார்த்த 3-4-3ஐ எட்டு வாரத்தில் நட ஆசைப்படும் கோச்சுகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நகர்வோம்.

உடல் தகுதிக்கு மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓட விடுவது பழைய வழக்கம். பந்தாட்டம் அப்படி ஒரே வேகத்தில் நடப்பதில்லை. யோ-யோ சோதனை வையுங்கள். 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி, 10 விநாடி ஓய்வு, மறுபடி. மணிக்கு 10 கிலோமீட்டரில் தொடங்கி வேகம் கூடிக்கொண்டே போகும். பீப் ஒலி ஃபோனிலேயே கிடைக்கும். மணலில் வைத்துவிட்டு அடுத்த முறை செம்மண்ணில் வைத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. தரை ஒன்றாக இருக்கட்டும். விடுமுறையில் ஆழ்கடல் படகில் வேலைக்குப் போய் வாரக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு வரும் பையனுக்குத் தோள் இரும்பாக இருக்கும், ஓட்டம் இருக்காது. அவனைச் சோம்பேறி என்று முத்திரை குத்த வேண்டாம். மூன்று வாரம் தாருங்கள். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அந்த 61 நாள்தான் அவன் கரையில் உறுதியாக இருக்கும் காலம். மழை பெய்தாலும் அடித்தள வேலையை அப்போதே முடித்துவிட வேண்டும்.

சனிக்கிழமை மேட்ச் என்றால் வாரம் இப்படிப் போகலாம். ஞாயிறு ஓய்வு. அன்று கோவில், வீடு, தூக்கம். திங்கள் லேசான ஓட்டமும் பாஸிங்கும். செவ்வாய் 35க்கு 25 மீட்டரில் நாலுக்கு நாலு, மூன்று நிமிட ஆட்டம் நாலு, இடையில் இரண்டு நிமிட ஓய்வு. போகப் போக ஆட்டத்தை நாலு நிமிடமாக்கலாம். களத்தைச் சுற்றிக் கூடுதல் பந்து தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் தென்னந்தோப்புக்குள் போன பந்தைத் தேடும் நேரமே ஓய்வாகி, செய்த வேலை வீண். புதன் ஒன்பதுக்கு ஒன்பது, 75க்கு 55 மீட்டர், பத்து நிமிடமாக மூன்று. வியாழன் கயிற்று வேலையும் கார்னரும். வெள்ளி நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெள்ளிக்கிழமை ‘கடைசியாக ஒருதரம்’ என்று முழு ஆட்டம் ஆட விடும் கோச், சனிக்கிழமை ஆட வேண்டிய ஆட்டத்தை ஒரு நாள் முன்னாலேயே ஆடி முடித்துவிடுகிறார்.

வார்ம்-அப்புக்கு ஃபிஃபா 11+ போதும். 15 பயிற்சி, மூன்று பகுதி, சுமார் 20 நிமிடம். நடுப்பகுதியில் வரும் பலப் பயிற்சிகளைத்தான் பையன்கள் சலிப்பென்று விட்டுவிடுவார்கள். காயத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவன் பிடிக்க, உடலை மெதுவாக முன்னால் சாய்க்கும் பயிற்சி தொடைப் பின்தசைக்கு. தொடக்கத்தில் 3 முதல் 5 தடவை போதும். ஆர்வத்தில் முதல் நாளே பதினைந்து செய்தவன் அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்கச் சிரமப்படுவான், பிறகு அதைத் தொடவே மாட்டான்.

இந்தக் கரையின் புழுக்கத்தில் வியர்வைக் கணக்கு முக்கியம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல் இழந்தால் கடைசி அரைமணி நேரம் அவன் கால் அவன் பேச்சைக் கேட்காது. ஓ.ஆர்.எஸ். இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மீறி உப்புப் போட்டால் கேடுதான். தின்பதற்கு விலை கூடிய பவுடர் டப்பா எதுவும் வேண்டாம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்), முடிந்ததும் கஞ்சியும் பயறும், இரவு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் குழம்பும் (மத்தி மீன்). பொரித்த மீன் மேட்ச் முடிந்த பிறகு.

பந்து காற்று 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. வரை விதிப்படி சரி. நம் செம்மண் தரையில் கீழ் அளவை ஒட்டி வைப்பதே நல்லது. கல்லாக ஊதிய பந்து துள்ளித் துள்ளிப் போனால் முதல் தொடுதல் கெடும், பையன் மேல் பழி வரும். ஊசியை எண்ணெயோ நீரோ தொட்டு நுழைக்காவிட்டால் வால்வு கிழியும். 22 பேருக்கு எட்டுப் பந்து குறைந்தபட்சம். நகர்த்தும் கோல் போஸ்ட் இருந்தால் பின்கம்பியில் மணல் மூட்டை கட்டாமல் யாரையும் அருகே விடக் கூடாது. அதில் தொங்கிய பிள்ளைகள் மேல் போஸ்ட் சாய்ந்து உயிரே போயிருக்கிறது.

கார்னரைத் தடுக்க கோலுக்கு முன்னுள்ள ஐந்தரை மீட்டர் கோட்டில் மூன்று பேர் இடம் காக்கட்டும், ஐந்து பேர் ஆள் பிடிக்கட்டும், ஒருவன் பந்து வரும் பக்கப் போஸ்டில், ஒருவன் பெனால்டி பெட்டியின் விளிம்பில் தெறித்து வரும் பந்துக்கு. விளிம்பு ஆளைத்தான் எல்லா அணியும் மறக்கும். கோல் கிக்கை 2019 முதல் பெட்டிக்குள்ளேயே வாங்கலாம் என்பதற்காக, மேடுபள்ளத் தரையில் அதைச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. கோலி பந்தைக் கையில் வைத்திருக்க 2025 விதிமாற்றத்தின்படி எட்டு விநாடிதான். மீறினால் எதிரணிக்குக் கார்னர். முன்னணியில் இருக்கும்போது பந்தைக் கட்டிப்பிடித்துப் படுக்கும் பழைய கோலிகளுக்கு இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும். ஓரக்கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோவில் ஆஃப்சைடு இல்லை என்பதும் பாதிப் பையன்களுக்குத் தெரியாது.

மைதானத்துக்கு வெளியே இரண்டு வேலை. ஒன்று ஓ.டி. (போட்டிக்குப் போன நாளை வருகையாகக் கணக்கிடும் ஆன் டியூட்டி) காகிதம். பி.டி. சாரோடு உட்கார்ந்து போட்டித் தேதிகளுக்குத் துறைத்தலைவர்களின் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போய்த் தேர்வு எழுத முடியாமல் நின்ற பையன் அடுத்த வருடம் பந்து பக்கம் வரமாட்டான், அவன் அம்மாவும் விடமாட்டார். இன்னொன்று ஊர் செவன்ஸ். பங்குத் திருவிழா டோர்னமென்டில் இரவு விளக்கில் ஆட ஊர்க்காரர்கள் கூப்பிடுவார்கள், கையில் காசும் கிடைக்கும். முழுக்கத் தடுத்தால் ஒளிந்து போய் ஆடுவார்கள். கல்லூரி மேட்சுக்கு முன்னுள்ள 72 மணி நேரத்தில் செவன்ஸ் கிடையாது, மற்ற நாளில் ஆடினால் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தம் போடுங்கள். மீறியவன் சீனியராக இருந்தாலும் ஒரு மேட்ச் வெளியே. முதல் தடவை அது கேப்டனாகவே இருக்கும். அங்கே தளர்ந்தால் மற்ற பையன்களும் அந்த ஒப்பந்தத்தை மதிக்க மாட்டார்கள்.

ஷூட்டிங் ஒன்பதாவது வாரத்தில் தொடங்கலாம். அதற்குள் நோட்டில் அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு வாங்கிய கோல்கள் குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் மறுபடி கயிறு. ஐப்பசி மழையில் ஆடும் மேட்சுகளுக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்யுங்கள். ஆட்டத்துக்கு முன்னால் பந்தைக் கையால் உருட்டிக்கொண்டே மைதானம் முழுக்க நடந்து, அது எங்கெங்கே நீரில் நின்றுவிடுகிறது என்று குறித்து, அந்த இடங்களில் தரைப் பாஸ் கிடையாது என்று பேக்குகளுக்கு விரலால் காட்டிவிடுங்கள்.