நகராத அலை

எம்.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு படிக்கும்போது கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் திட்டம் அது. தேர்வானால் எட்டு வாரம் ஓர் ஆய்வாளரிடம் இருந்து வேலை பழகலாம். நுழைவுத் தேர்வு கிடையாது. மதிப்பெண்கள், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், என்ன செய்ய விரும்புகிறோம் என்று நாமே எழுதும் சிறு குறிப்பு, இவ்வளவுதான்.

அந்தக் குறிப்பில்தான் முதல் அடி வாங்கினேன். "சிறு வயது முதலே கணிதத்தின் மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கியிருந்தேன். எங்கள் சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இதை எல்லாரும் எழுதுவார்கள். உனக்கு எங்கே புரியாமல் நிற்கிறது, அதை எழுது" என்றார். எனக்குப் புரியாமல் நின்ற இடம் ஒன்று இருந்தது. அலை எப்படி நகர்கிறது என்று சொல்லும் சில பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில், அலையின் ஒவ்வொரு பகுதியும் போகும் பாதையைக் காட்டும் சிறப்பியல்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எங்கள் பாடநூல் அந்த இடத்தில் "இதற்கு மேல் தீர்வு இல்லை" என்று கைகழுவிவிடும். தீர்வுதான் இல்லை, அலை எங்கே போகும்? அதையே கேள்வியாக எழுதினேன். என் மதிப்பெண்கள் சுமார்தான். இடம் வாங்கித் தந்தது அந்தக் கேள்வி என்றே இன்றும் நம்புகிறேன்.

பெங்களூரில், யெலஹங்கா பக்கம் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பயன்பாட்டுக் கணித மையத்தில் இடம் கிடைத்தது. முதல் இரண்டு வாரமும் வாசிப்புதான். கோடுகள் வெட்டிய பிறகும் அலை இருக்கிறது, செங்குத்தான சுவர்போல ஓர் அதிர்வலையாகி ஓடுகிறது என்று படித்தேன். இடப்பக்கம் உயரம் 1, வலப்பக்கம் 0 என்றால், உயரமான பகுதி வேகமாக ஓடும் அலைக்கான எளிய மாதிரியான பர்கர்ஸ் சமன்பாட்டில் அந்தச் சுவரின் வேகம் சரியாக 1/2. தாளில் எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

மூன்றாம் வாரம் அதைக் கணினியில் ஓட்டச் சொன்னார் என் வழிகாட்டியான மேடம். நிரல் எழுதி ஓட்டினேன். சுவர் நகரவில்லை. நேரம் போகிறது, படம் அப்படியே நிற்கிறது. வரைபடம்தான் புதுப்பிக்கப்படவில்லை என்று நினைத்து அதில் ஒரு நாளை வீணடித்தேன். அலையைக் கணக்கிட இடத்தைப் பிரித்திருந்த கட்டங்களை 100இலிருந்து 1,000 ஆக்கினேன், பிறகு 10,000. கணினிக்கு வேலை கூடியதே தவிர சுவர் இம்மியும் அசையவில்லை. மூன்றாம் நாள் இரவு, விண்ணப்பித்ததே தவறோ என்று விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் மேடம் நிரலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கரும்பலகையில் 1, 1, 1, 0, 0, 0 என்று ஆறு எண்களை எழுதி, "உங்கள் விதிப்படி அடுத்த வரிசையை எழுதுங்கள்" என்று சாக்பீஸை நீட்டினார். என் விதியில் ஒவ்வொரு கட்டத்தின் உயரத்தையும், இடப்பக்கக் கட்டத்தோடு அதற்குள்ள வேறுபாட்டையும் பெருக்கிக் கழிக்க வேண்டும். 1 இருக்கும் இடங்களில் வேறுபாடு சுழி. முதல் 0 இருக்கும் இடத்தில் உயரமே சுழி. எதிலும் மாற்றமில்லை. ஆறு எண்களும் அப்படியே திரும்பி வந்தன. கணினி மூன்று நாளாகச் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது!

"இடப்பக்கம் ஒவ்வொரு நொடியும் பாதி அலகு உள்ளே வருகிறது. வந்தது எங்கே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பிறகு அவரே விதியை மாற்றி எழுதினார்: உயரங்களை நேரடியாகப் பெருக்காமல், உயரத்தின் வர்க்கத்தில் பாதியை ஒவ்வொரு கட்டத்துக்கும் வரவு செலவாக வைக்க வேண்டும். நேரப்படியை (ஒரு தடவையில் தாவும் நேரம்) இடப்படியில் (ஒரு கட்டத்தின் அகலம்) பாதியாக வைத்தால் முதல் 0 அடுத்த வரிசையிலேயே 0.25 ஆகிவிடும். சுவர் நகரத் தொடங்கிவிட்டது. வழவழப்பான அலைக்கு இரண்டு விதியும் ஒன்றுதான். சுவர் வந்தால் வரவு செலவுக் கணக்குத் தவறாத விதி மட்டுமே செல்லும். இதற்கான தேற்றத்தைக் கணிதவியலாளர்கள் லாக்ஸும் வெண்ட்ராஃபும் 1960இலேயே நிறுவியிருந்தார்கள். இரண்டாம் வாரத்தில் அதைப் படித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன் என்பதுதான் கொடுமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹெப்பாள் மேம்பாலத்தில் பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. வண்டிகள் முன்னே ஊர்கின்றன, வரிசையின் வால் பின்னே நீள்கிறது. போக்குவரத்துக்கு லைட்ஹில், விட்ஹாம் என்ற இரு கணிதவியலாளர்கள் 1955இல் எழுதிய சமன்பாடும் இந்த வகைதான். அந்த வால்தான் அதன் அதிர்வலை. ஜன்னலோரத்தில் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்த என்னைப் பக்கத்து இருக்கை அம்மாள் கவலையோடு பார்த்தார்.

நான்காம் வாரம் ஒன்று, எட்டாம் வாரம் ஒன்று என இரண்டு அறிக்கைகள் தர வேண்டும். கடைசி அறிக்கையில் அழகாக ஓடும் சுவரை முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். மேடம் புரட்டிப் பார்த்துவிட்டு, "நகராத படம் எங்கே? அதுதான் முதலில் வர வேண்டும்" என்றார். வெட்கப்பட்டு அதை என்றைக்கோ அழித்துவிட்டிருந்தேன். அன்று இரவு உட்கார்ந்து, பழைய தவறை வரி பிசகாமல் மறுபடியும் எழுதி ஓட்டினேன்.